அகஸ்டா நேஷனல்: 1934-ல் இருந்த மைதானத்தில் இன்று மிச்சம் எவ்வளவு?

#1 கருவேலன்

கோல்ஃபின் நான்கு மேஜர் (மிகப் பெரிய) போட்டிகளில் மாஸ்டர்ஸ் மட்டும்தான் வருடாவருடம் ஒரே இடத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள அகஸ்டா நேஷனலில், நடக்கிறது. அதனால் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது: "மைதானம் அதேதான், ஆகவே 1934-ல் ஹார்ட்டன் ஸ்மித் நான்கு சுற்றில் மொத்தம் அடித்த 284-ஐயும் (ஷாட் குறைந்தால் நல்லது) 2020-ல் டஸ்டின் ஜான்சன் அடித்த 268-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இடம் அதே, மைதானம் வேறு. எது எப்போது மாறியது, ஏன் மாறியது, எது மாறவே இல்லை என்று இந்த இழையில் வரிசைப்படுத்தலாமா? "ஐயோ எவ்வளவு அழகு" ரகப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே ஆண்டும் அளவும் வேண்டும்.

#2 மேட்டுப்பங்கர்

அடிமண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் அது அவுரித் தோட்டம். 1850-களின் பிற்பாதியில் பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பம் வாங்கி ஃப்ரூட்லேண்ட் நர்சரி நடத்தியது. கிளப்ஹவுஸாக நிற்கும் வீடு அவர்களுக்கும் முந்தியது, 1854-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம். வாசல் சாலையின் இருபுறமும் நிற்கும் 61 மேக்னோலியா மரங்கள் நர்சரியின் மிச்சம். ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடியின் பெயர் இருப்பதும் அந்தத் தொடர்பில்தான்: 10 கமீலியா, 12 கோல்டன் பெல், 13 அசேலியா.

கிளப்பை நிறுவிய பாபி ஜோன்ஸும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் 1931-ல் 365 ஏக்கரை 70,000 டாலருக்கு முடித்தார்கள். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம், நிலம் மலிவு. வடிவமைப்பு அலிஸ்டர் மெக்கன்ஸி. அவர் 1934 ஜனவரியில் இறந்துவிட்டார், போட்டி தொடங்கியது அந்த மார்ச் 22-ல். தான் போட்ட மைதானத்தில் போட்டி நடந்ததை மனுஷன் பார்க்கவில்லை.

அவர் விட்டுப்போனதைக் கவனியுங்கள். 18 ஹோலுக்கும் சேர்த்து 22 பங்கர் (மணல் குழி) தான். ரஃப் (ஓரத்து நீளப் புல்) கிடையாது. ஃபேர்வே (முதல் அடியிலிருந்து குழி பக்கம் வரை ஒட்ட வெட்டிய புல்வெளி) ஏர் ஓட்டலாம் போல அகலம். பந்தை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் தப்பான பக்கத்தில் கிடந்தால் கிரீனின் (குழி இருக்கும் புல்தளம்) சாய்வு உங்களுக்கு எதிராக நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஜோன்ஸும் மெக்கன்ஸியும் ரசித்த விஷயம் அதுதான். அப்போதைய நீளம் சுமார் 6,700 யார்டு.

இன்னொன்று. முதல் போட்டியில் இரண்டு ஒன்பதுகளும் (1-9, 10-18) தலைகீழ். இன்றைய 10-தான் அன்றைய 1.

#3 இடக்கை

தலைகீழ் விஷயம் அரைகுறையாகக் கேள்விப்பட்டது. அப்படியானால் 1934-ல் கடைசி பட் (கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது) எந்த கிரீனில்? ஏன் மாற்றினார்கள்?

#4 மேட்டுப்பங்கர்

இன்றைய 9-ஆம் கிரீனில் முடித்தார்கள். 1935-லிருந்து இப்போதைய வரிசை. பழைய செய்திகளைப் படிக்கும்போது ஹோல் எண்ணைப் பார்த்துக் குழம்பக்கூடாது. சாரசன் 4-வுட் எடுத்து 235 யார்டிலிருந்து ஆல்பட்ராஸ் (ஹோலுக்கு வகுத்த 'பார்' எண்ணிக்கையைவிட மூன்று ஷாட் குறைவு) போட்டது 1935 என்பதால் அது இன்றைய 15-தான்.

காரணம் உறைபனி. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே மிகத் தாழ்ந்த இடம் 11, 12, 13 பக்கத்து ரேஸ் ஓடை. போதாததற்குப் பைன் மர நிழல், காலை வெயில் தாமதமாகத்தான் எட்டும். உறைந்த புல்லின் மேல் கால் வைத்தால் இலைக்குள் இருக்கும் செல் உடையும், இரண்டு நாளில் கால்தடம் பழுப்பாகத் தெரியும். அதனால் பனி கரையும்வரை ஆளை விடமாட்டார்கள். இது குளிர்காலத்தில் திறந்திருக்கும் கிளப் என்பதை மறக்காதீர்கள். பழைய வரிசைப்படி முதல் குழு அரைமணி நேரத்திலேயே ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிடும். திருப்பிப் போட்டதும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது.

ஞாயிறு மாலை 12, 13, 15, 16 என்று தண்ணீர் ஹோல்களாக வந்து நெஞ்சைப் பிடிக்கிறதே, அந்த அமைப்பை நாடகத்துக்காக யாரும் யோசித்துப் போடவில்லை. பனிக்குப் பயந்து போட்டது.

#5 யார்டுகணக்கு

நீளக் கணக்கு என்னிடம் சுத்தமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

2001 வரை 6,985. 2002-ல் ஒன்பது ஹோலை நீட்டி ஒரே மூச்சில் 285 யார்டு சேர்த்து 7,270 ஆக்கினார்கள். 1997-ல் டைகர் வுட்ஸ் 270 அடித்து 12 ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்ததற்குப் பதில் இது என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். 2006-ல் 7,445. 2019-ல் 5-ஆம் ஹோலை 455-லிருந்து 495 ஆக்கியபோது 7,475. 2022-ல் 11-ஐ 520, 15-ஐ 550 ஆக்கி 7,510. 2023-ல் 13 மட்டும் 510-லிருந்து 545, மொத்தம் 7,545. 2024-ல் 2-ஆம் ஹோல் 585, மொத்தம் 7,555.

இவற்றில் 13-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டீயை (முதல் அடி அடிக்கும் இடம்) பின்னால் தள்ளுவதற்கு அங்கே நிலமே இல்லை. எல்லைக்கு அப்பால் இருப்பது அகஸ்டா கன்ட்ரி கிளப், அதாவது பக்கத்து வீடு. அவர்களிடமிருந்து 2017-ல் ஒரு துண்டை வாங்கிய பிறகுதான் 35 யார்டு சாத்தியமானது.

எனவே கருவேலன் கேட்டதற்கு என் பதில்: மாற்றம் என்றால் நீளம். 1934-க்கும் இன்றைக்கும் 850 யார்டுக்கு மேல் வித்தியாசம். இரண்டு பார்-4 ஹோல்களை ஒட்டுப்போட்ட மாதிரி.

#6 புல்வெட்டி

யார்டுகணக்கு சார், எண்களில் தப்பில்லை. முடிவில்தான் தகராறு.

நீளத்தைக் கூட்டியது பழைய விகிதத்தைத் திரும்பக் கொண்டுவர. பந்தும் கிளப்பும் தூரம் போகப்போக டீ பின்னால் போனது, அவ்வளவுதான். செகண்ட் ஷாட்டுக்குக் கையில் இருக்க வேண்டிய இரும்பு (எண்ணிட்ட உலோகக் கிளப்) அதே 5 அல்லது 6 ஆக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆட்டத்தையே வேறாக்கியது புல். 1980 வரை கிரீனில் பெர்முடா புல், அதன்மேல் குளிர்காலத்துக்கு ரை புல். 1981 போட்டிக்கு எல்லா கிரீனும் பென்ட் புல். அந்த ஒரு மாற்றம் 850 யார்டையும் தின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் சட்டத்திலிருந்து பந்து இறங்கும் வேகம் நொடிக்கு சுமார் 1.83 மீட்டர். சமதளத்தில் 8 அடி ஓடி நிற்கும் கிரீனில், சரிவு 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே இருக்கும்வரை உருளும் பந்து எங்கேயாவது நின்றுவிடும். அதே கிரீனை 12 அடி வேகத்துக்குக் கொண்டுவந்தால் வரம்பு 6.5 சதவீதம். 14 அடி என்றால் 5.6. அதைத் தாண்டிய சரிவில் உருள ஆரம்பித்த பந்து நிற்காது, கீழே போய்க்கொண்டே இருக்கும். மெக்கன்ஸி இந்தச் சாய்வுகளைப் போட்டது மெதுவான கிரீனுக்காக. சாய்வை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் ஏற்றினால் குழி வெட்டத் தகுந்த இடம் சுருங்கும், மேலேயிருந்து கீழே பட் அடிப்பவன் கதி அதோகதி. அதனால்தான் பல கிரீன்களை அவ்வப்போது தோண்டிக் கொஞ்சம் கொஞ்சம் தட்டையாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

1996 கடைசி நாள் 9-ஆம் ஹோலில் கிரெக் நார்மன் பந்து கிரீனின் முன்பகுதியில் விழுந்து, பின்னால் சுழன்று, சரிவோடு ஃபேர்வேக்கே திரும்பியது நினைவிருக்கும். 6 ஷாட் முன்னிலையோடு தொடங்கியவர் 78 அடித்தார், ஃபால்டோ 67. பெர்முடா காலத்தில் அந்தப் பந்து கிரீனிலேயே கிடந்திருக்கும்.

#7 யார்டுகணக்கு

வேகம் கூடியது சரி. ஆனால் 268 அடித்தது பென்ட் கிரீனில்தானே? கஷ்டமாகியிருந்தால் ஸ்கோர் ஏன் இறங்குகிறது?

#8 புல்வெட்டி

2020 போட்டி நவம்பரில் நடந்தது. ஏப்ரல் கிரீன் காய்ந்து இறுகியிருக்கும், நவம்பரில் ஈரமும் மென்மையும். 4-ஆம் இரும்பு விழுந்தாலும் குத்திய இடத்தில் நிற்கும். வேகமான கிரீன் வேறு, இறுகிய கிரீன் வேறு. வேகம் புல் வெட்டும் உயரத்தாலும் உருளை போடுவதாலும் வரும், இறுக்கம் மண்ணின் ஈரத்தால் வரும். அகஸ்டா பயமுறுத்துவது இரண்டும் ஒன்றாகச் சேரும்போது. நவம்பரில் ஒன்றுதான் இருந்தது.

#9 கருவேலன்

ஜார்ஜியா வெயிலில் பென்ட் எப்படிப் பிழைக்கிறது? அது குளிர்நிலப் புல் ஆயிற்றே.

#10 புல்வெட்டி

கஷ்டப்பட்டுத்தான் பிழைக்கிறது. வேர்மண் 30 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் பென்ட் வேரைச் சுருக்கிக்கொள்ளும். அகஸ்டா கிளப் மே கடைசியில் மூடி அக்டோபரில்தான் திறக்கும். ஆள் மிதிக்காத கோடை என்பது பென்ட்டுக்கு மருந்து மாதிரி. வருஷம் முழுக்க ஆட்டம் நடக்கும் வேறு தென்பகுதி கிளப் இதைப் பார்த்து பென்ட் போட்டால் ஆகஸ்ட் மாதம் மண்தரைதான் மிஞ்சும்.

அடுத்தது கிரீனுக்கு அடியில் இருக்கும் அமைப்பு. யுஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறையில் கிரீன் கட்டும்போது கீழே பள்ளம் வெட்டி 4 அங்குல வடிகால் குழாய், அதன்மேல் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 12 அங்குலம் மணல் கலவை. ஜல்லிக்கும் மணலுக்கும் துகள் அளவு பொருந்தாவிட்டால் நடுவே 2 முதல் 4 அங்குலம் பருமணல். மணல் நிறைந்து கனம் கூடும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது, மேலேயே தொங்கி நிற்கும். வேருக்கு அது சேமிப்பு. கனமழையில் அதுவே வில்லன், கிரீன் கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

சப்ஏர் என்ற கருவி இதற்குத்தான். 1990-களின் நடுவில் அகஸ்டாவின் மைதான நிர்வாகி மார்ஷ் பென்சன் உருவாக்கியது. வடிகால் குழாயின் வாயில், நிலத்துக்கு அடியில் உள்ள அறையில் பெரிய ஊதுவிசிறி. உறிஞ்சும் பக்கம் திருப்பினால் மணலில் தொங்கும் நீரைக் கீழே இழுக்கும். ஊதும் பக்கம் திருப்பினால் வேருக்குப் புதுக்காற்று, மண்ணின் வெப்பத்தையும் கொஞ்சம் மாற்றலாம். மழை பெய்த மறுநாள் காலை கிரீன் இறுகிக் கிடப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை.

எங்கே சொதப்பும்? ஒன்று, நீர் பிரிக்கும் தொட்டி நிறைந்தால் விசிறி காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்து நின்றுபோகும். இரண்டு, மேலே தூவிய மணலில் வண்டல் கலந்திருந்தால் நடுவில் மெல்லிய அடைப்பு அடுக்கு உருவாகும், அதன்பின் எவ்வளவு உறிஞ்சினாலும் மேல்பகுதி ஈரம் அப்படியே இருக்கும். மூன்று, குழாயில் எங்காவது திறப்பு இருந்தால் காற்று சுலபமான வழியில் போய்விடும், கிரீனுக்கு ஒன்றும் கிடைக்காது. நான்கு, காய்ந்த காற்றடிக்கும் நாளில் மிகையாக உறிஞ்சினால் மேடான பகுதி முதலில் நீலம் பாய்ந்து வாடும், கையில் குழாயோடு ஓட வேண்டியதுதான்.

#11 இடக்கை

புல்வெட்டி அண்ணே, "இந்த வருஷம் 14 அடி, 15 அடி" என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா?

#12 புல்வெட்டி

கிளப் எண்ணை வெளியிடுவதில்லை தம்பி. டிவியில் சொல்வதெல்லாம் மதிப்பீடு. அளக்கும் முறை தெரிந்தால் எங்கே ஏமாறலாம் என்பதும் புரியும்.

36 அங்குல அலுமினியச் சட்டம், நீளவாக்கில் V வடிவப் பள்ளம், தரையில் படும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் பந்தை வைத்து மறுமுனையை மெதுவாகத் தூக்க வேண்டும். சுமார் 20 டிகிரியில் பந்து தானாக விடுபட்டு உருளும். தூக்கும் கை ஆடினாலோ வெடுக்கென்று தூக்கினாலோ அளவு கெட்டது. ஒரே இடத்திலிருந்து மூன்று பந்து, மூன்றும் 8 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப. பிறகு பந்துகள் நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று. இரண்டின் சராசரிதான் வேகம்.

இது சமதளத்துக்கு. அகஸ்டா கிரீனில் பத்தடி சமதளம் தேடுவதே ஒரு வேலை. சரிவில் அளந்தால் சாதாரண சராசரி பொய் சொல்லும். மேல்நோக்கி 8 அடி, கீழ்நோக்கி 16 அடி என்றால் சராசரி 12 வரும். சரியான முறை பிரீட் சூத்திரம்: இரண்டையும் பெருக்கி, அதை இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 2 × 8 × 16 ÷ 24 = 10.7. ஒரே கிரீனில் 1.3 அடி கூடுதலாகப் பீற்றிக்கொள்ளலாம் பார்த்தீர்களா.

#13 மேட்டுப்பங்கர்

புல் சண்டை நடக்கட்டும், வடிவத்தை மறந்துவிட்டோம். 1981-க்கு முன்பே மைதானம் வேறாகிவிட்டது.

1937-ல் பெர்ரி மேக்ஸ்வெல் 10-ஆம் கிரீனைப் பள்ளத்திலிருந்து பின்னாலுள்ள மேட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஹோலின் ஃபேர்வே நடுவே பூ மாதிரி விரிந்த ஒரு பெரிய பங்கர் இருக்கிறதே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்? பழைய கிரீனைக் காத்த பங்கர் அது. வீடு போனபின் நிற்கும் திண்ணை மாதிரி, மெக்கன்ஸியின் கையெழுத்து அங்கே அப்படியே இருக்கிறது. 1938-ல் 7-ஆம் கிரீனும் புதுசு, அந்த யோசனை ஹார்ட்டன் ஸ்மித்துடையது. 16-ஐ 1947-ல் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் அடியோடு மாற்றினார். முன்பு வாய்க்காலைத் தாண்டும் சின்னப் பார்-3. இன்று இடப்பக்கம் முழுக்கக் குளம், 170 யார்டு. 11-ஆம் கிரீனை ஒட்டிய குளமும் அவர் காலத்துச் சேர்க்கை. 8-ஆம் கிரீனைச் சுற்றிய மண்மேடுகளை 1956-ல் சமப்படுத்தினார்கள், பார்வையாளர்களுக்கு மறைக்கிறதாம். 1979-ல் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் மைதானம் பின்னோக்கி நடந்தது.

இயற்கையும் தன் பங்குக்கு: 1990 அக்டோபர் வெள்ளத்தில் 11-ஆம் கிரீன் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏப்ரல் போட்டிக்குள் புதிதாகக் கட்டி முடித்தார்கள். ஆகவே 1987-ல் லாரி மைஸ் 140 அடியிலிருந்து சிப் (பந்தைச் சின்னதாகத் தூக்கி உருட்டும் ஷாட்) போட்டு நார்மனை வீழ்த்திய கிரீனில் இன்று நீங்கள் நிற்க முடியாது.

#14 கருவேலன்

அப்படியென்றால் மாறாமல் இருப்பதுதான் என்ன? யாராவது 12-ஐப் பற்றி எழுதுங்கள். 155 யார்டு, பெரிதாக நீட்டவே இல்லை.

#15 இடக்கை

12 என் ஏரியா.

அந்த கிரீன் உங்களுக்கு நேராகப் படுத்திருக்கவில்லை, சாய்கோணத்தில் கிடக்கிறது. இடது ஓரம் கிட்ட, வலது ஓரம் தூரம். அகலம் தாராளம், ஆழம் மட்டும் பத்துப் பதினோரு அடிவைப்பு. முன்னால் ஓடை, நடுவில் ஒரு பங்கர், பின்னால் இரண்டு பங்கரும் புதர் மேடும்.

வலக்கை ஆட்டக்காரர் தவறு செய்தால் பந்து எங்கே போகும்? கிளப் முகம் மூடிப் பந்து இடப்பக்கம் இழுபட்டால் தூரமும் கூடும். முகம் திறந்து வலப்பக்கம் ஒதுங்கினால் தூரம் குறையும். அதாவது அவருடைய தவறுகள் இடது-தூரம், வலது-கிட்ட என்ற கோட்டில் விழும். கிரீன் கிடப்பது அதற்கு நேர் எதிரான கோட்டில். ஞாயிற்றுக்கிழமைக் கொடி வலது மூலையில், ஆகவே லேசாக ஒதுங்கிய பந்து நேராக ஓடையில். 2016-ல் ஸ்பீத் 5 ஷாட் முன்னிலையோடு பின்-ஒன்பதில் இறங்கி, 10, 11 இரண்டிலும் போகி (பாருக்கு ஒன்று மேல்) போட்டு, 12-ல் 7 எடுத்தாரே, முதல் பந்து அப்படி வலது-கிட்ட விழுந்ததுதான். பெனால்டிக்குப் பின் அடித்தது மண்ணை வாரிக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள். 2019 ஞாயிறு மொலினாரி, கெப்கா, ஃபினாவ், போல்ட்டர் நால்வரும் தண்ணீர். டைகர் கொடியைப் பார்க்கவே இல்லை, பங்கருக்கு மேலே இடப்பக்கம் அடித்துவிட்டு நடந்தார். அடுத்த வருஷம் அதே டைகர் அதே ஹோலில் 10 எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடக்கைக்காரருக்கு இந்தப் படம் கண்ணாடியில் திரும்பிவிடும். அவர் தவறு வலது-தூரம், இடது-கிட்ட. அது கிரீன் கிடக்கும் கோடு. தப்பாக அடித்தாலும் கிரீனில் கிடக்க வாய்ப்பு. 2003-ல் வியர், 2004, 2006, 2010-ல் மிக்கெல்சன், 2012, 2014-ல் பப்பா வாட்சன். 12 வருஷத்தில் 6 பட்டம். இவ்வளவுக்கும் 12 ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், 13-லும் இடக்கைக்கு ஃபேட் (இடக்கைக்கு இடப்பக்கம் வளையும் ஷாட்) அடித்தால் போதும், வளைவு தானாக வரும். ஆனால் 12-ல் அவர்களுக்குப் பயம் குறைவு.

#16 யார்டுகணக்கு

காற்றை விட்டுவிட்டீர்கள். 12-ல் காற்றுதான் முதல் எதிரி. 11-ஆம் கொடி ஒரு பக்கம் ஆடும், 12-ஆம் கொடி அசையாமல் நிற்கும். பைன் சுவருக்கு மேலே ஒரு காற்று, கீழே ஓடைப் பள்ளத்தில் சுழலும் இன்னொன்று. பந்து எட்டும் உச்சியில் எது அடிக்கிறது என்பது டீயில் நிற்பவனுக்குத் தெரியாது.

#17 இடக்கை

காற்று கிளப்பைத் தேர்ந்தெடுக்கவிடாது, கோணம் தவறை மன்னிக்காது. நன்றாகக் கணித்தவன்கூட வலப்பக்கம் ஒதுங்கினால் போச்சு. 1992-ல் கபிள்ஸ் அடித்த பந்து அப்படித்தான் கரையில் விழுந்தது. உருண்டு இறங்காமல் புல்லில் தொற்றிக்கொண்டு நின்றதால் பார் போட்டு ஜெயித்தார். கரையில் புல் எவ்வளவு நீளம் என்பதுகூட இங்கே பட்டத்தைத் தீர்மானிக்கும்.

#18 புல்வெட்டி

கரைப் புல் என்றதும் ஃபேர்வேயையும் சொல்லிவிடுகிறேன். ஃபேர்வேயில் இன்றும் பெர்முடாதான் அடித்தளம். இலையுதிர் காலத்தில் அதை ஒட்ட வெட்டி, மேலே ரை விதை தூவி, நாளுக்குப் பல தடவை லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். சீக்கிரமே விதைத்தால் வெயிலில் பெர்முடா ஓங்கி முளையை நசுக்கும், அழுகல் பூஞ்சை வேறு. தாமதித்தால் குளிரில் முளை நகராது. ஏப்ரலில் டிவியில் கண் கூசுகிற அந்தப் பச்சை முழுக்க ரை.

வெட்டுவதிலும் ஒரு குயுக்தி. வண்டிகள் வரிசையாகக் கிரீன் பக்கத்திலிருந்து டீயை நோக்கி மட்டுமே ஓட்டப்படும். புல் நுனி ஆட்டக்காரரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பந்து விழுந்ததும் அதிகம் ஓடாது, அது மைதானத்தை நீட்டிய மாதிரி வேலை செய்கிறது. கிரீன் ஓரத்தில் சிப் அடிக்கும்போது வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் குட்டைக் கிளப்) முனை எதிர்ப்புல்லில் மாட்டும். டிவியில் பார்த்துவிட்டு "இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இப்படி மண்ணைக் குத்தறானே" என்பவர்கள் இதை நினைவில் வைக்கவும். மாட்டாமல் இருக்கத்தான் பலர் அங்கே பட்டரையே எடுக்கிறார்கள்.

1999-லிருந்து இரண்டாம் வெட்டு என்று ஒரு குட்டி ரஃப், ஒன்றே முக்கால் அங்குலம்கூட இராது. காலுக்குத் தெரியாத உயரம், ஆனால் பந்துக்கும் கிளப்புக்கும் நடுவே புல் வந்துவிட்டால் சுழற்சி குறையும், இறுகிய கிரீனில் நிற்காது. மெக்கன்ஸி ரஃப் வேண்டாம் என்றார். அவர் சொன்னதை மீறியதில் எனக்கு உறுத்துவது 2002-க்குப் பின் நட்ட மரங்களும் இதுவும்தான். அகலமாக விட்டு, தப்பான பக்கத்துக்குத் தண்டனை கொடு என்பது அவர் பாடம். மரத்தை நட்டுப் பக்கத்தையே இல்லாமல் செய்தால் யோசிக்க என்ன இருக்கிறது?

#19 யார்டுகணக்கு

மரம் பற்றி ஒத்துக்கொள்கிறேன். நீளம் பற்றியும் கொஞ்சம் இறங்கி வருகிறேன், 13-ஐத் தவிர. அங்கே 35 யார்டு விகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கேள்வியையே மாற்றியது. முன்பு மூலை மரங்களுக்கு மேலே 3-வுட்டில் இழுத்து அடித்தால் கையில் குட்டை இரும்பு. இப்போது பந்து வளைவுக்கு முன்பே நிற்கிறது. தரை வலமிருந்து இடமாக ஓடையை நோக்கிச் சாய்வதால் வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட உயரத்தில். பந்து இடப்பக்கம் ஓடத் துடிக்கும் நிலை, கையில் நீள இரும்பு, கிரீனுக்கு முன்னாலும் வலப்பக்கமும் வாய்க்கால். சிலர் வெட்ஜ் தூரத்துக்கு முன்னதாக அடித்து நிறுத்துகிறார்கள். 2025 கடைசி நாள் மெக்இல்ராய் அப்படி நிறுத்திவிட்டு, வெட்ஜை வாய்க்காலில் போட்டு டபுள் போகி எடுத்தார். பிறகு ரோஸுடன் பிளேஆஃப் (சமநிலையில் கூடுதல் ஆட்டம்), 18-ல் பர்டி (பாருக்கு ஒன்று கீழ்), நான்கு மேஜரும் முழுமை.

#20 மேட்டுப்பங்கர்

பிளேஆஃப் வரலாறும் இதே மாதிரி நழுவிக்கொண்டே வந்தது. 1935-ல் சாரசனும் கிரெய்க் வுட்டும் 36 ஹோல் ஆடினார்கள், 144-க்கு 149. பிறகு 18 ஹோல். 1970-களில் முதல் வித்தியாசத்திலேயே முடியும் முறை, அதில் முதலில் ஜெயித்தது 1979-ல் ஃபஸி ஜோல்லர். முன்பு 10-ல் தொடங்கியது, இப்போது 18-ல் தொடங்கி 10-க்குப் போகும்.

அட்டைக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1968-ல் டி விசென்சோ 17-ல் 3 அடித்தார். உடன் ஆடிய டாமி ஆரன் அட்டையில் 4 என்று எழுதினார். பார்க்காமல் கையெழுத்து. உண்மை 65, அட்டை 66. விதிப்படி அதிகமாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிற்கும், குறைவாக எழுதியிருந்தால் தகுதி நீக்கம். ஜெயித்த கோல்பி 277, டி விசென்சோ 278. பிளேஆஃபே இல்லாமல் போனது. அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள்.

ஸ்கோர் போர்டில் பாருக்குக் கீழ் சிவப்பு, மேல் பச்சை என்று காட்டும் வழக்கம் 1960-ல் ராபர்ட்ஸ் கொண்டுவந்தது. அதற்கு முன் மொத்த எண்ணை வைத்து யார் முன்னால் என்று மனக்கணக்குப் போட வேண்டும். இன்று உலகம் முழுக்க அதுதான்.

#21 கருவேலன்

ராபர்ட்ஸ் பெயர் வந்தபின் இதைச் சொல்லாமல் விட முடியாது. மைதானம் மாறிய வேகத்தில் கிளப் மாறவில்லை. சார்லி சிஃபர்ட் 1967-லும் 1969-லும் டூர் போட்டி ஜெயித்தும் அழைப்பு வரவில்லை. டூர் வெற்றியாளருக்குத் தானாக இடம் என்ற விதி 1970-களின் தொடக்கத்தில் வந்தது, அந்த வழியில் 1975-ல் லீ எல்டர் ஆடினார், முதல் கறுப்பின ஆட்டக்காரர். அதே வருடங்களில் பையைச் சுமந்தவர்கள் எல்லோரும் கறுப்பினக் கேடிகள்தான். ஆட்டக்காரர் தன் சொந்தக் கேடியைக் கொண்டுவரலாம் என்றானது 1983-ல். அந்த கிரீன்களின் சாய்வைத் தலைமுறையாக அறிந்தவர்களின் பிழைப்பு அத்தோடு போனது. முதல் கறுப்பின உறுப்பினர் 1990, முதல் பெண் உறுப்பினர்கள் இருவர் 2012.

நம்மூர்ப் பக்கம் பார்த்தால் 2007-ல்தான் ஜீவ் மில்கா சிங், மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியர். இந்திய வம்சாவளி என்றால் ஃபிஜியின் விஜய் சிங் 2000-லேயே பச்சைக்கோட்டு (வெற்றியாளருக்குத் தரும் கோட்) போட்டுவிட்டார்.

#22 இடக்கை

சின்னச் சந்தேகம். "எல்லா பட்டும் ரேஸ் ஓடையை நோக்கித்தான் திரும்பும்" என்கிறார்களே, உண்மையா?

#23 மேட்டுப்பங்கர்

பாதி. கிளப்ஹவுஸ் மேட்டிலிருந்து ஓடை வரை நிலம் சுமார் 175 அடி இறங்குகிறது, 10-ஆம் ஹோல் மட்டுமே 100 அடி. அவ்வளவு பெரிய சரிவில் நிற்கும்போது கண்ணுக்கு அடிவானம் தவறாகத் தெரியும். 1 சதவீதம் ஓடைப் பக்கம் சாய்ந்த கிரீன் தட்டையாகவோ, எதிர்ப்பக்கம் சாய்ந்த மாதிரியோ ஏமாற்றும். சந்தேகம் வந்தால் ஓடைப் பக்கம் கூட்டிக்கொள் என்பது 10, 11-ல் நல்ல யோசனை. 16-ல் கிரீனே குளத்தை நோக்கி வலமிருந்து இடமாகச் செதுக்கப்பட்டது, அங்கே ஓடையைத் தேடினால் மூன்று பட்.

கருவேலன், நீங்கள் கேட்ட "மாறாதது" இந்தச் சரிவுதான். கிரீனைத் தோண்டினார்கள், புல்லை மாற்றினார்கள், குளம் வெட்டினார்கள். மேட்டையும் பள்ளத்தையும் யாரும் தொடவில்லை.

#24 யார்டுகணக்கு

மரமும் மாறாததில் சேராது. 17-ல் டீயிலிருந்து 210 யார்டில் நின்ற ஐசன்ஹோவர் மரம் 2014 பிப்ரவரி பனிப்புயலில் போனது. அதை வெட்டச் சொல்லி 1956 கூட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதியே எழுந்தபோது ராபர்ட்ஸ் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இன்னும் நிறையச் சாய்த்தது.

#25 புல்வெட்டி

அதே ஹெலீன் வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைனையும் மூழ்கடித்தது. அகஸ்டா பங்கரில் பளீரென்று இருக்கும் வெள்ளை மணல் அங்கேயிருந்துதான், ஃபெல்ட்ஸ்பார் சுரங்கத்தில் கழித்துப்போட்ட தூய குவார்ட்ஸ். சிலிக்கான் உருக்கும் மூசைக்கும் அந்த ஊர் குவார்ட்ஸ்தான் போகிறது. துகள் கோணலாக இருப்பதால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், செங்குத்தான பங்கர் முகத்திலும் சரியாது, பந்து புதையாது. அடுத்த பதிவில் பங்கர் வடிகால் பற்றி எழுதுகிறேன், 10-ஆம் ஹோலின் பழைய பங்கரிலிருந்தே தொடங்கலாம்.